மூத்தவள் போட்ட தடம்

இரவு ஒரு மணிக்குத் தங்கச்சி என்னை எழுப்பினாள். "அக்கா, வலி எடுக்கு. விட்டு விட்டு வருது." மூத்தவள் பிறந்தபோது ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் வலி கண்டு, திங்கள் மத்தியானம்தான் பிள்ளை முகத்தைப் பார்த்தோம். அந்த நினைப்பில் நான் எழுந்து, பிளாஸ்க் எங்கே, துணிப்பை எங்கே என்று ஆற அமரத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மாதான் அதட்டினாள். "இது ரெண்டாவது பேறுட்டி. காப்பி போட்டுக்கிட்டு நிக்காத, வண்டிக்குப் போன் போடு."

108 வந்தது. சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அந்த நேரத்தில் சாலை காலியாகத்தான் கிடந்தது. பத்தமடையைத் தாண்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்த வலி, முன்னீர்பள்ளத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரமாகிவிட்டது. உள்ளே கொண்டுபோன இருபதாவது நிமிடம் பையன் பிறந்துவிட்டான். மணி மூன்று பத்து. முதல் பிள்ளைக்குப் பதினெட்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட அதே உடம்பு, இரண்டாவது பிள்ளையை இரண்டே மணி நேரத்தில் கையில் கொடுத்தது.

நம் ஊர்ப் பெண்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மருத்துவப் பாடநூல்களும் அதையேதான் எழுதி வைத்திருக்கின்றன. கருப்பை வாய் முழுவதும் திறக்க, முதல் பேற்றில் சராசரியாக 12 மணி நேரம். அடுத்த பேற்றில் 6. வாய் திறந்தபின் பிள்ளை வெளியே வர, முதல் முறை இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அடுத்த முறை அரைமணி.

ஏன் இப்படி? கருப்பை வாய் என்பது மூன்று, நான்கு செ.மீ. நீளமுள்ள ஒரு கெட்டியான கழுத்து. முதல் பேற்றில் அந்தக் கழுத்து இரண்டு வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிறது. முதலில் தன் நீளத்தை இழந்து, தாளைப் போல மெலிய வேண்டும். அதற்குப் பிறகே அகலத் திறக்கத் தொடங்கும். மணிக்கணக்கில் வலித்தும் "இன்னும் வாய் திறக்கல" என்று செவிலியர் சொல்வது இந்த மெலியும் கட்டத்தில்தான். இரண்டாவது பேற்றில் மெலிவதும் திறப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. பிள்ளை கடந்து வர வேண்டிய தசைகளும் ஒருமுறை நன்றாக விரிந்து கொடுத்தவை. இரண்டாம் முறை அவ்வளவு எதிர்ப்பு இருப்பதில்லை.

அந்த வாயின் வடிவமே மாறிப்போகிறது. பிள்ளை பெறாத பெண்ணுக்குக் கருப்பை வாயின் வெளித்துளை சிறு வட்டமாக இருக்கும். ஒருமுறை சுகப்பிரசவம் ஆகிவிட்டால் அது படுக்கைவாட்டில் ஒரு கீற்றாக மாறி, கடைசிவரை அப்படியே இருக்கும். முதல் பிள்ளை கடந்து போன வழியில் விட்டுச்சென்ற அடையாளம் அது. பரிசோதிக்கும் மருத்துவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

அறுவை செய்து முதல் பிள்ளையை எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் சிசேரியன். அவர்களுக்கு முதல் பேற்றின் நினைவு கருப்பைச் சுவரில் ஒரு தழும்பாக இருக்கிறது. அடுத்தது சுகப்பிரசவமாகலாமா என்பதை அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

வேறுபாடு பேற்று நாளில் தொடங்குவதும் இல்லை. முதல் பிள்ளை வயிற்றில் அசைவதைத் தாய் உணர்வது பெரும்பாலும் 18 முதல் 20 வாரத்துக்குள். இரண்டாவது பிள்ளையை 16, 18 வாரத்திலேயே கண்டுகொள்கிறாள். முதல் தடவை வாயுப் பிடிப்போ, பசியோ என்று விட்டுவிட்ட அந்த மெல்லிய துடிப்பு இன்னதென்று இப்போது அவளுக்குத் தெரியும். கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் நாளங்கள் முதல் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்களால் குடையப்பட்டு அகலமாகின்றன. பிள்ளை பிறந்தபின் அவை முழுவதும் பழைய நிலைக்குக் குறுகிவிடுவதில்லை என்று கருதப்படுகிறது. அடுத்த பிள்ளைக்கு வாய்க்கால் ஏற்கெனவே வெட்டிக் கிடக்கிறது. இரண்டாவது பிள்ளை பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் எடையோடு பிறப்பதற்கும், கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் எகிறும் ஆபத்து இரண்டாவது முறை குறைவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

உடம்பின் காவல் படையும் பழகிக்கொள்கிறது. பிள்ளையில் பாதி தகப்பன் கூறு. அன்னியத் தசையைக் கண்டால் தாக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம், பத்து மாதம் அதை விட்டு வைப்பதே பெரிய அதிசயம். அதற்கென்று "பொறு" என்று கட்டளையிடும் ஒருவகை டி செல்கள் பெருகுகின்றன. 2012இல் அமெரிக்காவின் சின்சினாட்டி ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு விஷயத்தைக் கண்டார்கள். பேறு முடிந்தபிறகும் அந்தச் செல்களில் ஒரு பகுதி நினைவாகத் தங்கியிருந்து, அதே தகப்பனுக்கு அடுத்த கர்ப்பம் தரித்ததும் வேகமாகப் பெருகியது. முதல் கருவோடு செய்துகொண்ட சமாதானத்தை உடம்பு அடுத்த கருவுக்கும் எடுத்து வைத்திருக்கிறது.

ஆனால் உடம்பின் நினைவு எப்போதும் பிள்ளைக்கு நல்லதாகவே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. என் தங்கச்சி ஓ நெகட்டிவ். ஊரிலேயே ஆஸ்பத்திரி இருந்தும் ஐகிரவுண்டுக்கு ஓடியது அதனால்தான்.

ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ஆர்எச் என்ற ஒரு புரதம் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. இந்தியாவில் நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு அது இல்லை. அது இல்லாத தாய்க்கு, அது உள்ள பிள்ளை உண்டானால், முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பேற்றின்போது நஞ்சு பிரியும் நேரத்தில் பிள்ளையின் ரத்தத்தில் சில துளிகள் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்பு அதை அன்னியம் என்று குறித்துக்கொள்ளும். அப்போது அவள் கைக்குப் பிள்ளை வந்துவிட்டிருக்கும். தண்டனை, குற்றம் ஒன்றும் செய்யாத அடுத்த பிள்ளைக்கு. அந்தக் கரு உண்டானதும், பழைய நினைவில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து போய் அதன் சிவப்பணுக்களை அழிக்கும். கருவிலேயே ரத்தம் வற்றும்; பிறந்தால் கடுமையான காமாலை. "முதல் பிள்ளை நல்லா பொறந்துச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுகூடத் தங்கல" என்று எத்தனையோ வீடுகளில் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ராசி என்று பழி போட்டிருக்கிறார்கள். அவற்றில் எத்தனை வீடுகளில் காரணம் இந்தப் புரதமாக இருந்ததோ!

1940இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச்சைப் பற்றி எழுதியபிறகுதான் புதிர் அவிழத் தொடங்கியது. மருந்து 1968இல் வந்தது. அதன் யுக்தியை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. தாயின் உடம்பு குறித்துக்கொள்வதற்குள், வெளியிலிருந்து அதே எதிர்ப்புப் புரதத்தை ஊசியாகப் போட்டு, கலந்துவிட்ட பிள்ளை அணுக்களைத் துடைத்து எடுத்துவிடுவது. பார்க்க ஒன்றும் மிஞ்சாததால் உடம்பு ஒன்றையும் நினைவில் வைப்பதில்லை. பேறு ஆகி 72 மணி நேரத்துக்குள் அந்த 'ஆன்டி-டி' ஊசியைப் போட வேண்டும் என்பார்கள். இந்த 72க்கும் ஒரு கதை உண்டு. நியூயார்க்கை அடுத்த சிங் சிங் சிறையில் கைதிகள் சிலர் தாங்களாக முன்வந்து இந்த ஆராய்ச்சிக்கு உட்பட்டார்கள். அங்கே ஆய்வாளர்கள் உள்ளே போய்வருவதற்கு இருந்த கட்டுப்பாடுகளால் பாசிட்டிவ் அணுக்களைச் செலுத்துவதற்கும் ஆன்டி-டி ஊசி போடுவதற்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி விழுந்தது. அந்த மூன்று நாள் பலன் கொடுத்ததால், அதுவே உலகமெங்கும் கெடுவாக நின்றுவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன் மூத்தவள் பிறந்த மறுநாள் தங்கச்சிக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். போட்டதைக் குறித்த சீட்டை அம்மா ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தாள். எழுத்து மங்கி, மடிப்பு கிழிந்து, ஒட்டுத்தாள் போட்ட சீட்டு. இப்போது சின்னவன் தங்கமாக இருக்கிறான். அவனுக்கும் பாசிட்டிவ்தான். அவன் உயிரோடு, ரத்தம் குறையாமல் பிறந்ததில் அந்தச் சீட்டுக்குப் பங்கு உண்டு.

பேறு முடிந்த அன்று இரவு தங்கச்சி இன்னொன்றுக்குப் பயந்துவிட்டாள். பால் கொடுக்க எடுக்கும்போதெல்லாம் அடிவயிறு முறுக்கிப் பிடித்தது. "பிள்ளை பெத்தாச்சு, இன்னும் என்னத்துக்கு வலிக்கு?" முதல் பேற்றில் இது இல்லையே என்பது அவள் கலக்கம். பேற்றுக்கு முன் ஒரு கிலோவாக இருந்த கருப்பை, ஆறு வாரத்தில் ஐம்பது அறுபது கிராமுக்குச் சுருங்க வேண்டும். முதல் பேற்றுக்குப் பின் அந்தத் தசை ஒரேயடியாக இறுகி நின்றுவிடுவதால் வலி அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது முறை அது கொஞ்சம் தளர்ந்த தசை. விட்டு விட்டுச் சுருங்குகிறது. பிள்ளை மார்பைச் சப்பும்போது மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரக்கிறது. அதே ஆக்சிடோசின் பாலையும் இறக்கும், கருப்பையையும் பிடித்துச் சுருக்கும். வலிக்கிறது என்றால் ரத்தப்போக்கை நிறுத்தும் வேலை நடக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். செவிலியர் அக்கா வந்து இதைச் சொன்னபிறகுதான் தங்கச்சி கண் அயர்ந்தாள்.

பாலும் இந்த முறை சீக்கிரமே வந்தது. மூத்தவளுக்கு முதல் வாரம் பட்ட பாடு இருக்கிறதே! பால் ஊறவில்லை, ஊறவில்லை என்று சுறாப்புட்டும் பூண்டுமாகப் போட்டும் அவளுக்கு அழுகைதான் வந்தது. 2001இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு ஆய்வு, 22 தாய்மார்களை இரண்டு பேறுகளிலும் அளந்து பார்த்தது. முதல் வாரக் கடைசியில், இரண்டாவது பிள்ளைக்கு 31 விழுக்காடு கூடுதலாகப் பால் சுரந்திருந்தது. முதல் பிள்ளைக்கு எவருக்குப் பால் குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் இந்த ஏற்றம் அதிகம். 2015இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் எலிகளின் பால் சுரப்பியை ஆராய்ந்தபோது, ஒருமுறை பேறு கண்ட சுரப்பியின் டிஎன்ஏவில் சில பூட்டுகள் அகன்று கிடந்தன. அடுத்த கர்ப்பத்தின் ஹார்மோன் வந்ததும் சுரப்பி உடனே விழித்துக்கொண்டது. முதல் பிள்ளைக்குத் தாய்ப்பால் பற்றவில்லை என்று மனம் உடைந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மெய்யாகவே விரும்புகிறேன்.

இதையெல்லாம் விட வியப்பானது வேறொன்று. கர்ப்பத்தின்போது பிள்ளையின் செல்கள் சில தாயின் ரத்தத்துக்குள் போய்விடுகின்றன. பிள்ளை பிறந்ததோடு அவை மறைந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1996இல் டயானா பியாங்கியின் குழு, மகனைப் பெற்று 27 வருஷம் ஆன ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டது. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், இறந்துபோன 59 பெண்களின் மூளையைப் பார்த்தார்கள். 37 பேரின் மூளையில் ஆண் டிஎன்ஏ இருந்தது. பெரும்பாலும் அது வயிற்றில் சுமந்த மகன்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். மகள்களின் செல்லும் அப்படியே தங்குகிறது. பெண் உடம்பில் பெண் செல்லைப் பிரித்தறிவது கடினம் என்பதால்தான் ஆய்வுகள் மகன்களையே பேசுகின்றன. அப்படியானால், சின்னவன் கருவாக வந்து தங்கியபோது, அக்காளின் ஒரு பங்கு அங்கே ஏற்கெனவே குடியிருந்திருக்கும். தாய் வழியாக மூத்த பிள்ளையின் செல்கள் இளைய பிள்ளைக்கும் போகக்கூடும் என்பதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

மூன்றாம் நாள் 102 வண்டியில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டாவது பிள்ளைக்கு நம் பக்கத்தில் சடங்கு குறைவு. வளைகாப்பு முதல் சூலுக்கு மட்டும்தான். ஆடிப்பூரத்தில் நெல்லை காந்திமதி அம்மனுக்கு வருஷா வருஷம் வளைகாப்பு நடக்கிறது, எனக்கு இரண்டாவதுக்கு ஒரு ஜோடி வளையல்கூட இல்லையா என்று தங்கச்சி ஏழாம் மாதம் குறைப்பட்டுக்கொண்டாள். அரசாங்கம் இதில் வேற்றுமை பார்ப்பதில்லை. முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் தரும் மகப்பேறு உதவி ரூ. 18,000 முதல் இரண்டு பேறுகளுக்கும் உண்டு. (அந்த அம்மையாருக்கும் இரண்டு பிள்ளைகள்தான். இளையவர் கிருஷ்ணமூர்த்தி, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை வளர்த்தெடுத்த மருத்துவர்.) தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி இப்போது இரண்டுக்கும் கீழே. ஆகவே பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது பேறே கடைசிப் பேறு.

அம்மா வாசலில் ஆலத்தி எடுத்தாள். மூத்தவள் நடைக் கதவின் பின்னால் நின்றாள். ஓடி வரவில்லை. தன் அம்மையின் கையில் இருந்த துணிப்பொதியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் கால் கொலுசின் கொக்கியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். அம்மா, அப்பா, எங்கள் எல்லோருக்கும் இது இரண்டாவது பிள்ளை. அவளுக்கு மட்டும் எல்லாமே முதல் தடவை.

காங்கோ நாட்டுக் காட்டில் போனோபோ என்னும் வாலில்லாக் குரங்குகளை ஆராய்ந்தவர்கள், தம்பியோ தங்கையோ பிறந்த குட்டிகளின் சிறுநீரைச் சேகரித்துப் பார்த்தார்கள். 2022இல் அதன் முடிவு வெளியானது. பிறப்பை ஒட்டி மூத்த குட்டியின் உடம்பில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஐந்து மடங்கு ஏறியது. ஏழு மாதம் வரை இறங்கவில்லை. மூத்தது இரண்டு வயதா, எட்டு வயதா என்பதில் வேறுபாடு இல்லை. தாய்ப்பால் மறந்து வெகுநாள் ஆன குட்டிக்கும் அப்படித்தான்.

இதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: சவலை. அடுத்த பிள்ளை உண்டாகித் தாய்ப்பால் நின்றுபோய், வயிறு உப்பிக் கைகால் மெலிந்து, நைநை என்று அழுதுகொண்டிருக்கும் மூத்த குழந்தையைச் "சவலை பாஞ்ச பிள்ளை" என்பார்கள். 1930களில் இன்றைய கானாவில் வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், பால் மறக்கடிக்கப்பட்டு மக்காச்சோளக் கூழில் வளர்ந்த குழந்தைகளின் நோயொன்றை விவரித்தார். அதற்கு என்ன பெயர் என்று அந்த ஊர்த் தாய்மார்களிடமே கேட்டார். "குவாஷியோர்கர்" என்றார்கள். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்று அவர் அதற்குப் பொருள் சொன்னார். 1935இல் லான்செட்டில் அதே பெயரில் எழுத, உலக மருத்துவ நூல்களில் அது ஏறிவிட்டது. ஆப்பிரிக்கக் கடற்கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் தாய்மார்கள் ஒரே காட்சியைப் பார்த்து ஆளுக்கொரு சொல் உண்டாக்கியிருக்கிறார்கள்.

நானும் சவலைப் பிள்ளைதான். தங்கச்சி வயிற்றில் வந்தபோது எனக்கு ஒன்றரை வயது நிறையவில்லை. மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்ததையும், நான் உளுந்தங்களியைத் துப்பிவிட்டு அம்மா வயிற்றில் தலையை முட்டிக்கொண்டு அழுததையும் அம்மா இன்றும் சொல்லுவாள். ஒரு பேற்றுக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் குறைந்தது இரண்டு வருஷம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது தாயின் ரத்தத்தையும் இரும்புச்சத்தையும் மனதில் வைத்து மட்டும் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

நல்ல செய்தியும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 241 குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பெரும்பாலான மூத்த குழந்தைகள் பெரிய சிரமம் இல்லாமல் பழகிக்கொண்டார்கள். அதற்கும் முன்பே, கேம்பிரிட்ஜில் ஜூடி டன் 40 குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கவனித்தார். பச்சைப் பிள்ளையை ஒரு ஆளாக மதித்து, "அவனுக்குப் பசிக்கு போல, எதுக்கு அழுதான்னு நினைக்க?" என்று மூத்ததிடம் பேசிக்கொண்டிருந்த வீடுகளில், பின்னால் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே ஒட்டுதல் கூடியிருந்தது. அப்படிக் கேட்க காசும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

மத்தியானம் பரணிலிருந்து சின்ன பத்தமடைப் பாயை இறக்கினோம். மூத்தவள் பிறந்தபோது வாங்கியது. ஓரத்துச் சிவப்புக் கோடு மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. விரித்ததுதான் தாமதம், அவள் ஓடிவந்து அதில் படுத்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தரையில் கிடந்தது. யாரும் எழுப்பவில்லை. தங்கச்சி பிள்ளையோடு பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை அவள் தலையில் வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து மூத்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "பெரியம்ம, நான் அம்மா வயித்துக்குள்ள இருந்தப்ப இவன் எங்க இருந்தான்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பூப்பெய்திய பிறகு உருவாகிறவை இல்லை. அவள் தன் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அறுபது எழுபது லட்சம் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறகு குறைந்துகொண்டே வருமே தவிரப் புதிதாகச் சேர்வதில்லை. இவளாக வளர்ந்த முட்டையும், அவனாக வளர்ந்த முட்டையும், என் தங்கச்சி எங்கள் அம்மா வயிற்றில் இருந்த அந்த மாதங்களிலேயே உருவாகிவிட்டன. பால் கிடைக்காமல் நான் தலையை முட்டி அழுத வயிற்றுக்குள் இவர்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள்.

"உன் பக்கத்துலதான்" என்றேன். "நீ உள்ள இருந்தப்ப, அடுத்தாப்புல சின்ன முட்டையா இருந்தான். நீ வெளிய வந்தப்புறம் அவன் உள்ள போனான்."

"நான் இருந்த எடத்துக்கா?"

"நீ இருந்த அதே எடத்துக்கு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பாயில் ஒரு பக்கமாக நகர்ந்து, மிச்ச இடத்தைக் கையால் தட்டித் தூசியைத் துடைத்தாள்.